லாபம், ரெண்டு, மூணு

அன்றைக்கு எங்கள் மையத்தில் பெற்றோர் கூட்டம். மூன்றரை வயதுப் பெண் குழந்தை ஒருத்தி நடுவில் வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றிலிருந்து முப்பது வரை மூச்சுவிடாமல் சொன்னாள். அம்மாக்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அவளுடைய அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மூன்று மாதமாகத் தினமும் காலையில் சொல்லிக்கொடுத்தவள் நான்.

மதியம் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், விளையாடிக்கொண்டிருந்த அதே குழந்தையிடம், "பாப்பா, ஆயாவுக்கு மூணு புளியங்கொட்டை எடுத்துக் குடு" என்றேன். கிண்ணத்துக்குள் கையை விட்டாள். கை கொண்ட மட்டும் அள்ளினாள். கொண்டுபோய் ஆயாவின் மடியில் கொட்டினாள்.

"மூணா இது?" என்று ஆயா கேட்டார்.

"ஆமா."

முகத்தில் சந்தேகமே இல்லை.

22 ஆண்டுகளாக அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். வெட்டாற்றை ஒட்டிய சின்னக் கிராமம். ஊரில் இன்னமும் பால்வாடி என்றுதான் சொல்வார்கள். அந்த மதியம் நடந்தது நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம். முப்பது வரை சொல்லத் தெரிந்த குழந்தைக்கு மூன்று தெரியவில்லை என்பதை அன்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். குறை அவளிடம் இல்லை. நான் அவளுக்குக் கொடுத்தது ஒரு பாட்டு. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்பது போல, சித்திரை, வைகாசி, ஆனி என்பது போல, ஒன்றன்பின் ஒன்றாக வருகிற சொற்கள். அவற்றில் எந்தச் சொல்லும் எந்தக் குவியலையும் தொட்டதில்லை.

பல வருஷம் கழித்துத்தான், அந்தக் கைப்பிடியைப் பற்றி உலகத்தில் வேறு ஆட்களும் யோசித்திருக்கிறார்கள் என்று படித்தேன். கேரன் வின் என்ற உளவியல் அறிஞர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு அது. சின்னக் குழந்தைகளிடம் 'இத்தனை பொம்மை எடுத்துக் கொடு' என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். முதலில் குழந்தைக்கு ஒன்று மட்டும் பிடிபடுகிறது. ஒன்று கேட்டால் ஒன்று தரும். இரண்டோ ஐந்தோ எதைக் கேட்டாலும் ஒரு கைப்பிடி அள்ளித் தரும். சில மாதம் கழித்து இரண்டு பிடிபடும். அப்புறம் மூன்று. இப்படி ஒவ்வொரு படியாக ஏறிவிட்டு, பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயது வாக்கில், எண்ணுவது எதற்காக என்பதே ஒருநாள் விளங்கிவிடுகிறது. அதன்பிறகு ஐந்து கேட்டாலும் ஏழு கேட்டாலும் எண்ணி எடுத்துத் தரும். படித்தபோது, ஆயாவின் மடியில் விழுந்த கொட்டைகள் கண்முன் வந்தன. அந்தப் பெண் அப்போது இரண்டாவது படியில் நின்றிருந்தாள். நான் அவளை முப்பதாவது படியில் நிற்கிறாள் என்று நம்பியிருந்தேன்.

ஆகவே ஒரு நோட்டுப் போட்டேன். குழந்தைக்கு ஒரு பக்கம். மாதத்துக்கு ஒருமுறை, பழைய துணியில் நான் தைத்த காக்கா ஒன்று பசியோடு வரும். "காக்காவுக்கு ரெண்டு குடு", இன்னொரு நாள் "நாலு குடு". பரீட்சை என்று குழந்தைக்குத் தெரியவே கூடாது. தப்பாகக் கொடுத்தாலும் காக்கா தின்றுவிட்டுப் போய்விடும். ஆரம்பத்தில் அங்கேயே திருத்தப் பார்த்தேன். மூன்று கேட்டதற்கு ஐந்து கொடுத்த பையனை, "எண்ணிப் பாரு" என்றால் ஒன்று, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று ஒழுங்காக எண்ணுவான். "அப்ப இது மூணா?" என்றால் "மூணு" என்பான். எண்ணியதற்கும் எத்தனை என்பதற்கும் அவன் மனசில் இன்னும் பாலம் விழவில்லை. அந்தப் பாலத்தை நான் வாயால் கட்டிக் கொடுக்க முடியாது.

முடிந்தது ஒன்று உண்டு. எண்ணி முடித்ததும் விரலால் அந்தக் குவியலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "நாலு கொட்டை" என்று நிறுத்திச் சொல்வேன். சில நாள் தலைகீழாக, முதலில் "இங்க நாலு இருக்கு" என்று சொல்லிவிட்டு அப்புறம் எண்ணுவேன். மூன்று வரைக்கும் எண்ணாமல் பார்த்த பார்வையிலேயே தெரியும் என்பதால், நாள் முழுக்க அந்தச் சின்ன எண்கள் என் பேச்சில் வந்துகொண்டே இருக்கும். "ரெண்டு செருப்பையும் கழட்டு", "வாசல்ல மூணு ஆட்டுக்குட்டி நிக்குது பாரு." தனியாக ஒரு பாடமாக நேரம் ஒதுக்கிச் சொன்னதைவிட, செருப்பிலும் ஆட்டுக்குட்டியிலும் சொன்னதுதான் அதிகம் ஒட்டியது.

ஒரு வருஷம் ஆனி மாதத்தில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். நாலு வயதுக்கு இரண்டு மாதம் குறைவு. கொட்டைகளை முன்னால் வைத்தேன். அவன் ஒவ்வொன்றாக இழுத்து எண்ணினான்: "லாபம், ரெண்டு, மூணு, நாலு."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் "லாபம்" என்றே தொடங்கினான். நெல் விளையும் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். களத்தில் மரக்காலால் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். இப்போது அறுவடை இயந்திரம் வந்து, நெல் அப்படியே மூட்டையாகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. மரக்கால் பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. ஆனால் இவனுடைய தாத்தா வீட்டுச் சாப்பாட்டுக்கான நெல்லைக் கையால் அளந்துதான் எடுப்பார். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

மாலையில் அழைத்துப்போக வந்த தாத்தாவிடம் சொன்னேன். "ஒண்ணுன்னு ஆரம்பிக்கக் கூடாதும்மா. மொத மரக்கா லாபம்தான்" என்றார். பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொன்னால் திட்டுவார்களா என்று மட்டும் கவலைப்பட்டார்.

திருத்தலாமா வேண்டாமா என்று எனக்கும் குழப்பம்தான். ஆனால் காக்கா வந்தபோது அவன் செய்ததைப் பார்த்ததும் குழப்பம் தீர்ந்துவிட்டது. நாலு கேட்டதற்கு, "லாபம், ரெண்டு, மூணு, நாலு" என்று ஒவ்வொன்றாக வைத்து, நாலில் கையை எடுத்துக்கொண்டான். ஒண்ணு கேட்டால் ஒண்ணு கொடுத்தான். லாபம் எண்ணிக்கையில் மட்டும்தான் வரும். ஐம்பது வரை ஒப்பிக்கிற பிள்ளைகள் கைப்பிடியாக அள்ளிக்கொண்டிருந்த அறையில், முதல் எண்ணின் பேரே தெரியாதவன் போலத் தோன்றிய இவனுக்குத்தான் எண்ணத் தெரிந்திருந்தது. ரோச்சல் கெல்மன், சி. ஆர். காலிஸ்டல் என்ற இருவர் குழந்தைகளின் எண்ணறிவைப் பற்றி 1978-இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். எண்ணுவதற்கு அவர்கள் சொல்லும் அடிப்படைகள் எளியவை: ஒரு பொருளுக்கு ஒரு சொல், சொற்கள் எப்போதும் அதே வரிசையில், கடைசியாக வந்த சொல்தான் மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம், எந்தப் பொருளிலிருந்தும் தொடங்கலாம். இதில் எந்த இடத்திலும் முதல் சொல் 'ஒன்று' என்றுதான் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய், தாத்தா அளப்பதைப் பார்த்தேன். மரக்கால் நிறைகிற வரைக்கும் அந்த எண்ணையே திரும்பத் திரும்ப ராகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கணக்கு விட்டுப்போகாமல் இருப்பதற்காக. அளந்து முடித்த கடைசி எண்ணை மட்டும் உரக்க, வீட்டுக்குள் இருக்கும் ஆச்சிக்குக் கேட்கும்படி சொன்னார். நான் விரலால் வட்டம் போட்டுக் காட்டியதை அவர் குரலால் செய்துகொண்டிருந்தார்.

புளியங்கொட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாசி, பங்குனியில் ஊரில் புளி உடைப்பார்கள். அப்போது வீடு வீடாகக் கேட்டு வாங்கி, கழுவி, வெயிலில் காயவைத்து வருஷத்துக்கும் வைத்துக்கொள்வேன். கோலி உருண்டு ஓடிவிடும். பாசிமணி கைக்கு அடங்காது. புளியங்கொட்டை வைத்த இடத்தில் கிடக்கும். விரலுக்கு வழவழப்பு, தரையில் விழுந்தால் ஒரு சத்தம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் மட்டும் கொடுக்கவே மாட்டேன். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்குக் கொட்டாங்கச்சியும் பெரிய டப்பா மூடிகளும். பெரிய பிள்ளைகளுக்கும் எண்ணிக் கொடுத்து எண்ணித்தான் வாங்குவேன். பாதுகாப்புக்காகத் தொடங்கிய அந்தப் பழக்கமே பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த விளையாட்டாகிவிட்டது. "பத்து குடுத்தேன், பத்தும் வந்துருச்சா?" என்று ஒருத்தரை ஒருத்தர் அதட்டிக்கொள்வார்கள்.

எண்ணும்போது வாய் முந்தும், விரல் பிந்தும். ஒரே கொட்டையை இரண்டு தரம் தொடுவார்கள், ஒன்றைத் தாண்டிப் போவார்கள். "மெதுவா எண்ணு" என்று சொல்லிப் பயனில்லை. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கத்துக் கொட்டையை அந்தப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டே எண்ணச் சொன்னேன். எண்ணியது அங்கே, எண்ணாதது இங்கே. விரல் இழுத்து முடிக்கிற வரைக்கும் வாய் காத்திருக்கும். முட்டை வரும் 30 குழி அட்டையையும் விடுவதில்லை. ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை வருகிற மாதிரி வெட்டிவிடுவேன். குழிக்கு ஒரு கொட்டை. ஏழு வைத்தால் மேல் வரிசை நிறைந்து கீழே இரண்டு நிற்கும். மூன்று குழி காலியாக வாயைத் திறந்துகொண்டிருக்கும். "இன்னும் மூணு வேணும் டீச்சர்" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிடுவார்கள்.

பல்லாங்குழி நாலு வயதுக்கு மேல்தான். எங்கள் வீட்டுப் பழைய மரப்பலகை, ஏழும் ஏழும் 14 குழி. முழு ஆட்டத்தையும் சொல்லித்தர மாட்டேன். ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போவது மட்டும் முதல் மாதம். கை காலியானதும் அடுத்த குழியை எடுத்துப் போட வேண்டும். அது வெறுங்குழியாக இருந்தால், விரலால் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் உள்ளதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம். அந்தத் துடைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒன்றும் இல்லை என்பதற்குக் குழந்தையின் கை ஒரு வேலை செய்கிறது. பின்னாளில் பூஜ்யம் என்று எழுதிக் காட்டும்போது, "துடைச்ச குழி" என்று ஒரு பெண் சொன்னாள். குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்ளும் முறையில் ஆடத் தொடங்கினால், நாலு விழுகிற குழியைப் பருந்து மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே யாரும் எண்ணுவதில்லை. நாலின் உருவம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது.

அஞ்சாங்கல் எங்கள் பிள்ளைகளின் கைக்கு இன்னும் வராது. ஆனால் மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வரும் அக்காக்கள் மையத்தின் திண்ணையில் உட்கார்ந்து ஆடுவார்கள். சின்னவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒரு கல் மேலே போக, கீழே கிடக்கும் நாலு கல்லையும் முதல் ஆட்டத்தில் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அடுத்ததில் இரண்டு இரண்டாக. அதற்கடுத்ததில் மூன்றும் ஒன்றும். பிறகு நாலையும் ஒரே வாரலில். நாலு என்ற எண்ணைப் பிரிக்கும் விதங்களில் ஏறக்குறைய அத்தனையும் அந்த ஆட்டத்துக்குள் இருக்கிறது. இதை வகுத்து வைத்தவர் யாரோ, எத்தனை தலைமுறைக்கு முந்திய பெண்களோ, அவர்களை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

தரையில் நேராகப் பத்துக் கட்டம் வரைந்து, எண் எழுதி, குழந்தையையே காயாக நிறுத்தி ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் தேய்த்து வெளுப்பாக்கிய புளியங்கொட்டைகளைக் குலுக்கிப் போட்டு, வெள்ளை விழுந்த அளவுக்கு நடக்க வேண்டும். இப்படி நேர்கோட்டில் எண்களைச் சொல்லிக்கொண்டே நகரும் ஆட்டத்தைச் சில நாள் ஆடினாலே, எண்களின் பெரிது சிறிது குழந்தைகளுக்கு நன்றாகப் பிடிபடுகிறது என்று அமெரிக்காவில் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-இல் காட்டினார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளோடு, இரண்டு வாரத்துக்குள் நாலு தடவை, தடவைக்குக் கால்மணி நேரம். எண்ணுக்குப் பதில் நிறங்கள் இருந்த அட்டையில் ஆடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. என் தரையில் நான் கண்டது ஒரு தொல்லை. மூன்று விழுந்தால், நிற்கிற கட்டத்தையே "ஒண்ணு" என்று எண்ணிவிடுவார்கள். இரண்டு கட்டம்தான் நகர்வார்கள். "காலை எடுத்து வெச்சாத்தான் ஒண்ணு" என்று ஆட்ட விதியாகவே ஆக்கினேன். குதிக்கும்போது மட்டும் வாய் திறக்க வேண்டும். பலகையில் காய் நகர்த்தினால் மாதக்கணக்கில் நீடிக்கிற தப்பு, உடம்போடு குதித்தால் ஒரு வாரத்தில் போய்விடுகிறது.

சில அம்மாக்களுக்கு இதெல்லாம் போதவில்லை. "பிரைவேட் ஸ்கூல்ல எல்கேஜியிலயே ஹண்ட்ரட் வரைக்கும் எழுதுறாங்களாம் டீச்சர்." மூன்று வயது விரலில் பென்சிலைத் திணித்து நூறு வரை எழுதவைப்பது எனக்கு வலிக்கிற விஷயம். அதைச் சொல்லாமல், "ராத்திரி சமைக்கும்போது அஞ்சு வெங்காயம் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, நாளைக்கு வந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்பேன். பெரும்பாலும் மறுநாள் வந்து சொல்வார்கள். அப்புறம் பேச்சு சுலபம். எண்களைத் தமிழிலேயே முதலில் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொள்வேன். பதினொன்று என்ற சொல்லுக்குள் பத்தும் ஒன்றும் தெரிகின்றன. லெவனுக்குள் அப்படி எதுவும் தெரியாது. தர்ட்டீனும் தர்ட்டியும் சின்னக் காதுக்கு ஒன்றுதான். தமிழிலும் ஒரு பள்ளம் உண்டு: ஒன்பது. இருபது, முப்பது மாதிரியே ஒலிக்கும். எழுபது, எண்பது என்று பத்துப் பத்தாகச் சொல்லிக்கொண்டு வருகிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, அடுத்து "ஒம்பது" என்று சொல்லிவிட்டு விழிக்கும். அங்கே வரவேண்டியது தொண்ணூறு. அதற்குள்ளே நூறு ஒளிந்திருக்கிறது. பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்றொரு சொல் இருந்தது. அந்தப் பிள்ளையின் தப்பு சோம்பலில் வந்தது இல்லை, மொழியை உற்றுக் கேட்டதால் வந்தது. நான் அதற்குத் திட்டுவதே கிடையாது.

தப்பைக் குழந்தையே கண்டுகொள்ளும் கருவிகளும் உண்டு. குழந்தைக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் இங்கேயே தங்கிப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். அவருடைய கருவிகளில் ஒன்று, பூஜ்யம் முதல் ஒன்பது வரை எழுதிய பத்து அறைகள் கொண்ட பெட்டி. கூடவே 45 குச்சிகள். அறைக்குரிய எண்ணிக்கையில் போட்டுக்கொண்டே போனால் ஒன்பதோடு சரியாகத் தீர்ந்துவிடும். நடுவில் எங்காவது ஒன்று கூடப் போயிருந்தால் கடைசியில் குறையும். பெரியவர் யாரும் "தப்பு" என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெட்டி எங்கள் மையத்தில் இல்லை. எங்களுக்கு அந்த வேலையைச் சாப்பாட்டுத் தட்டு செய்கிறது.

பிள்ளைகள் முன்கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தட்டுகளை நான் பின்னறையில் வைத்திருப்பேன். அங்கிருந்து பார்த்தால் கூடம் தெரியாது. அதுதான் முக்கியம். முதலில் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே போய்விடுவார்கள், எண்ணே தேவைப்படாது. தட்டு கண்ணுக்கு மறைந்த பிறகு, எத்தனை பேர் என்பதைக் குழந்தை தலைக்குள் வைத்துக்கொண்டு போயாக வேண்டும். முதல் நாட்களில் ஒன்றை எடுத்து வந்து கொடுத்துவிட்டு, மறுபடி ஓடி இன்னொன்றை எடுத்து வருவார்கள். ஓட்டமே ஆனந்தம். பிறகு கை கொண்ட மட்டும் அள்ளி வருவார்கள். மிச்சத்தைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும், அல்லது யாருக்காவது இல்லாமல் போகும். ஆயாவுக்கும் எனக்கும் ஒரு கட்டுப்பாடு: வாயைத் திறக்கக் கூடாது. ஆயாவுக்கு இது கஷ்டம். "புள்ள எத்தன தடவ ஓடும்" என்று முணுமுணுப்பார். சோறு ஆறிப்போன நாட்களும் உண்டு.

லாபம் சொன்ன பையனுக்கு நாலே கால் வயதானபோது ஐப்பசி மழை. ஒன்பது பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். அன்று அவன் முறை. பின்னறைக்கு ஓடப் போனவன் வாசற்படியில் நின்றான். திரும்பி வந்தான். வரிசையின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டான். "லாபம், ரெண்டு, மூணு..." கடைசித் தலையைத் தொட்டு "எட்டு" என்று தாத்தா மாதிரியே உரக்கச் சொன்னான். அந்த எட்டை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனான். "எட்டு எட்டு எட்டு." எட்டுத் தட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். நான் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து முடித்தான். எல்லாருக்கும் சரியாக வந்தது. தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். முன்னால் தட்டு இல்லை. பக்கத்தில் இருப்பவனின் தட்டைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். எழுந்து போய் இன்னொரு தட்டை எடுத்து வந்தான். எதுவும் பேசவில்லை.

மறுநாள் வெயில். பதினொரு பேர் வந்திருந்தார்கள். அவன் முறை இல்லை. ஆனாலும் கேட்டு வாங்கிக்கொண்டான். வரிசைக்கு முன்னால் வந்து நின்று, உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்து அழுத்தி, "லாபம்" என்றான். அப்புறம் முதல் தலையைத் தொட்டான்.

"ரெண்டு."